அத்தானின் வால் பாட்டு

பன்னிரண்டாம் வகுப்புக்குப் பரிணாமப் பாடம் தொடங்குகிற நாளில் எனக்குப் பள்ளிக்கூட வாசலிலேயே அலுப்புத் தட்டிவிடும். பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் விலங்கியல் டீச்சர். ரத்த ஓட்டம், நரம்பு மண்டலம் எல்லாம் சத்தமில்லாமல் போய்விடும். பலகையில் ‘மனிதனின் தோற்றம்’ என்று எழுதிவிட்டு நான் திரும்புவதற்குள் பின்வரிசையில் ஒருத்தி மேசையை விரலால் தட்ட ஆரம்பித்திருப்பாள். அவள் தட்டினால் போதும், மற்றவர்கள் வாயை இறுக்கி மூடிக்கொண்டு மூக்கு வழியாகவே பாடுவார்கள். வாய் மூடியிருப்பதால் யாரையும் எழுப்பிக் கேட்கவும் முடியாது.

வாலு எங்க போச்சு – என்
வாலு எங்க போச்சு?
வாத்தியாரு சொல்லுதாரு
தேஞ்சு தேஞ்சு போச்சு.
தேஞ்ச வாலு எங்கன – நீ
தேடிப் பாத்துச் சொல்லு.
பாவநாசம் குரங்குகிட்ட
பத்திரமா இருக்கு.

பாட்டை எழுதினது யார் என்று அந்தப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் அவ்வளவு கொண்டாட்டம். எழுதினது என் அத்தான்.

அத்தான் என்றால் என் வீட்டுக்காரர். எனக்கு மாமா மகன். கல்யாணத்துக்கு முன்னாலும் அத்தான், பின்னாலும் அத்தான். ஒரு கல்லூரி ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஆபீசில் வாயைத் திறக்க மாட்டார் என்று அவரோடு வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். அங்கே மூடிவைத்த வாயையெல்லாம் சேர்த்துச் சபையில் பிள்ளைகளிடம் திறப்பார். மே மாத லீவில் சபைகளில் பத்து நாள் நடக்கிற வேதாகமப் பள்ளியை எங்கள் பக்கம் வி.பி.எஸ். என்று சொல்வோம். பாட்டும் கதையும் கைவேலையும், மத்தியானம் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் உண்டு. அங்கே பாடுகிற பாட்டில் கை, கால், இடுப்பு எல்லாம் ஆட வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைகள் பாடாது. அத்தான் எழுதுகிற பாட்டுகள் அப்படித்தான் இருக்கும். பாவநாசத்தில் குரங்குகள் பையைப் பிடுங்குகிறதை இந்தப் பக்கத்தில் பார்க்காத பிள்ளை கிடையாது. அதனால் வால் பாட்டுக்கு விளக்கவுரை வேண்டியிருக்கவில்லை.

கொடுமை என்னவென்றால், அந்தப் பாட்டுக்கு வேண்டிய சரக்கை அவருக்குக் கொடுத்தது நான். ஒரு சாயங்காலம் நான் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். எதிரே வந்து உட்கார்ந்தார்.

“ஏளா, மனுசனுக்கு வால் இருந்துச்சாமே, உள்ளதா?”

“கருவுல கொஞ்ச நாள் இருக்கும். அப்புறம் உள்ள அடங்கிரும். முதுகெலும்புக்கு அடியில ஒரு துண்டு எலும்பு மிச்சம் இருக்கு. நீங்க இப்ப உக்காந்திருக்கது அது மேலதான்.”

“அப்பம் தேஞ்சு போச்சு.”

“தேஞ்சு போச்சுன்னே வச்சுக்கிடுங்க. ஆளை விடுங்க.”

மறுநாள் பாட்டு தயார். சாப்பாட்டு மேசையைத் தட்டிப் பாடிக் காட்டினார். “வாத்தியாரு சொல்லுதாருன்னு போட்டிருக்கீங்களே, எந்த வாத்தியாரு?” என்று கேட்டேன். “டீச்சர்னு போட்டா மெட்டுல ஒக்கார மாட்டேங்கு. அதான்” என்றார். முகத்தில் ஒரு சிரிப்புக் கிடையாது. அந்த மனிதருக்குச் சிரிப்பு வந்தால் காது மடல்தான் சிவக்கும்.

இரண்டாவது சரணத்துக்கு எங்களுக்குள் சண்டையே நடந்தது.

குரங்கு எங்க பாட்டன்னா
குத்தாலத்துல யாரு?
பாதிப் பேரு பஸ்ஸு ஏறிப்
பாளையங்கோட்ட வந்தாச்சாம்,
மீதிப் பேரு பஸ்ஸ விட்டு
மரத்து மேல நின்னாச்சாம்.

“குரங்கு நமக்குப் பாட்டன்னு எவன் சொன்னான்?” என்று நான் கத்தினேன். “ஒண்ணுவிட்ட சொந்தம் அத்தான், ஒண்ணுவிட்ட சொந்தம். பழைய பாட்டன் ஒருத்தன் இருந்தான். அவன் இப்ப உள்ள மனுசனும் இல்ல, இப்ப உள்ள குரங்கும் இல்ல. அவன் மக்கள்ல ஒரு கூட்டம் அங்கன போச்சு, ஒரு கூட்டம் இங்கன வந்துச்சு.”

“அதத்தான சொல்லியிருக்கேன்,” என்றார். “பஸ்ஸு.”

யோசித்துப் பார்த்தால் என் பாடப் புத்தகத்தில் இருக்கிற படத்தைவிட அந்த பஸ் ஒன்றும் மோசமில்லை. அதை அவரிடம் நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொண்டிருந்தால் அதற்கும் ஒரு பாட்டு வந்திருக்கும்.

கடைசிச் சரணத்தில் மட்டும் கேலி இருக்காது. பிள்ளைகள் அதுவரை ஒருத்தர் முதுகை ஒருத்தர் திருப்பி வாலைத் தேடி உருண்டு புரண்டு சிரித்துவிட்டு, அந்தச் சரணம் வந்ததும் நேராக நின்று கைகூப்பிப் பாட வேண்டும்.

மண்ணப் பெசஞ்சு மூச்ச ஊதி
மனுசனாகச் செஞ்சாரு,
வாலு வேண்டாம் ஒனக்குன்னு
வார்த்த தந்து அனுப்புனாரு.

பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. எங்கள் சபையில் இருந்து அடுத்த சபை, அங்கிருந்து விக்கிரமசிங்கபுரம், ஏரல், சாத்தான்குளம் என்று எங்கேயெல்லாமோ பாடினார்கள். மேலப்பாளையத்தில் இருந்து வருகிற முஸ்லிம் பிள்ளைகளும் பள்ளிக்கூட பஸ்ஸில் பாடின. கடைசிச் சரணத்தை விட்டுவிட்டு மற்றதைப் பாடும். யார் எழுதினது என்று போடாமலே பரவினது. ஆனால் என் வகுப்புக்கு மட்டும் விலாசத்தோடு வந்து சேர்ந்தது.

நான் சபைக்குப் போகிறவள்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையைத் தப்பவிட்டவள் இல்லை. மனிதன் எப்படி வந்தான் என்பதைப் பற்றி எனக்குள் என்ன நினைக்கிறேன் என்று யாரும் பொறுமையாகக் கேட்டதில்லை. கேட்கிறவர்கள் எல்லாம் பதிலைக் கையோடு கொண்டுவந்து கேட்பார்கள். பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் யாராவது, “டீச்சர், நீங்க நெசமாவே அத நம்புதீங்களா?” என்பார்கள். “பரீட்சைக்கு வரும்” என்று சொல்லிவிட்டு டீயை வாங்கிக்கொள்வேன். பள்ளிக்கூடத்தில் புதிதாக வந்த அறிவியல் டீச்சர்கள், “உங்க வீட்லயே இப்படியா மேடம்?” என்பார்கள். அதற்கும் ஒரு சிரிப்பு. இரண்டு பக்கமும் சிரித்துச் சிரித்தே எனக்குத் தாடை வலிதான் மிச்சம். அத்தானிடம் மட்டும்தான் நான் முழுசாகச் சண்டை போடுவேன். அவரும் மல்லுக்கட்டுவார். எங்கள் வீட்டில் பேச்சுக்குக் குறைவே இருந்ததில்லை.

அந்தப் பேச்சுதான் ஒருநாள் காலையில் போனது.

கிறிஸ்மஸ் கழிந்து கொஞ்ச நாள் ஆகியிருந்தது. ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தவர் கையில் இருந்த கிண்ணம் விழுகிற சத்தம் கேட்டுப் போனேன். ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு சுவரில் சாய்ந்து நின்றார். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. என்னைப் பார்த்து என்னவோ சொன்னார். சத்தம் வந்தது, ஒரு வார்த்தையும் இல்லை. நான் நரம்பு மண்டலத்தை வருஷக்கணக்காகப் படம் போட்டுப் பாகம் குறித்தவள். மூளையில் இடது பக்கம், பேச்சுக்கான இடம், எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் அந்தச் சோப்பைத் துடைக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

உயிர் பிழைத்தார். வாய் கொஞ்சம் நேரானது. வலது கால் இழுத்து இழுத்து நடக்க வந்தது. வலது கை வரவில்லை. பேச்சு வரவே இல்லை. நாம் சொல்வது அவருக்குப் புரிகிறது என்று டாக்டர் சொன்னார். ஆனால் எதைக் கேட்டாலும் தலையை ஆட்டினார். காபி வேணுமா என்றாலும் ஆட்டினார், வேண்டாமா என்றாலும் ஆட்டினார். எது ஆமாம், எது இல்லை என்று தெரியாமல் நான் காபியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன்.

அவருடைய அக்கா, எனக்கு மைனி, விக்கிரமசிங்கபுரத்தில் இருந்து வந்து எங்களோடு தங்கினாள். மில்லில் வேலை பார்த்த கணவர் போன பிறகு தனியாக இருந்தவள். நான் பள்ளிக்கூடம் போகிற நேரத்தில் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே. மைனிக்குத் தம்பி மேல் உயிர். அந்த உயிரோடு ஜெபக் கூட்டத்தையும் சேர்த்துக் கொண்டுவந்தாள். வெள்ளிக்கிழமை தோறும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து கீர்த்தனை பாடினார்கள். அத்தானுக்குத் தெரியாத கீர்த்தனை கிடையாது. எத்தனையோ சாவு வீட்டில் முன்னால் நின்று பாடினவர். இப்போது உதடு மட்டும் அசைந்தது. ஒரு வார்த்தை வருமா என்று அத்தனை பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர் கண்ணில் இருந்து தண்ணீர் வழியும். “ஆவியானவர் தொடுதாரு” என்பாள் மைனி. எனக்கு அவர் அவமானத்தில் அழுகிறார் என்றுதான் பட்டது.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண்ணிடம் வாரத்துக்கு இரண்டு நாள் கூட்டிக்கொண்டு போனேன். என் மகள் வயதுகூட இருக்காது. நாகர்கோவில் பக்கத்துப் பேச்சு. ஒளித்து மறைத்துப் பேச மாட்டாள்.

“ஆறேழு மாசத்துக்குள்ள வந்தாத்தான் நல்லா வரும் டீச்சர். அதுக்கப்புறம் வராதுன்னு சொல்லல. ஆனா மெதுவா, கொஞ்சமாத்தான் வரும்.”

அதற்குள் ஒரு வார்த்தையாவது அவர் தானாகச் சொல்ல வேண்டும். அதுதான் எனக்கு அப்போது உலகத்திலேயே வேண்டியிருந்தது. காலண்டரைப் பார்க்கவே பயமாக இருந்தது.

மே மாதம் வந்தது. இரண்டு தெரு தள்ளி எங்கள் சபையில் வி.பி.எஸ். தொடங்கினார்கள். அவர் இல்லாமல் நடக்கிற முதல் வருஷம். ஒலிபெருக்கிச் சத்தம் வீட்டுக்குள் வந்துவிடும் என்று ஜன்னலைச் சாத்தினேன். சாத்தி என்ன பிரயோஜனம், எங்கள் ஊர் ஒலிபெருக்கிக்கு ஜன்னல் ஒரு பொருட்டா. நானும் மைனியும் அவருக்கு இட்லியைப் பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். முதல் நாளே அங்கே பிள்ளைகள் வால் பாட்டைப் பாட ஆரம்பித்தன. தேடிப் பாத்துச் சொல்லு என்று கேட்டுவிட்டு மூச்சு வாங்குவதற்கு ஒரு இடம் விடுவார்கள். அந்த இடத்தில், எங்கள் வீட்டுக்குள்ளே, கரகரவென்று ஒரு குரல் வந்தது.

“பாவநாசம் குரங்குகிட்ட பத்திரமா இருக்கு.”

அத்தான்தான். வாயில் இட்லி. வார்த்தை ஒன்றுவிடாமல், மெட்டுப் பிசகாமல்.

மைனி தட்டைத் தரையில் வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். முதலில் அழுதாள். அப்புறம் அவள் முகம் மாறினது. “ஏட்டி, இத்தன பேரு முட்டுக்கால் போட்டதுக்கு வராத வாய், குரங்குக்கா தொறக்கணும்?” என்றாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து புரையேறிவிட்டது. அத்தான் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். தான் என்ன செய்தோம் என்று அவருக்கே திகைப்பாக இருந்தது.

பயிற்சிப் பெண்ணிடம் சொன்னேன். அவள் துள்ளிவிட்டாள். மூளையில் பேச்சு ஒரு பக்கம் இருக்கிறது, பாட்டு இன்னொரு பக்கம் இருக்கிறது, பேச்சின் பக்கம் அடிபட்டாலும் சில பேருக்குப் பாட்டு தங்கிவிடும் என்றாள். “இதே பாட்டைப் பிடிச்சுக்கிடுங்க. அவங்க இடது கையத் தட்டிக்கிட்டே நீங்க கேள்வியப் பாடுங்க, அவங்க பதிலப் பாடட்டும். பைய அதே மெட்டுல வேற வார்த்தையப் போடுங்க. ஆனா ஒண்ணு டீச்சர், பாட்டு வருதுன்னா பேச்சு வந்துட்டுன்னு அர்த்தமில்ல. மனப்பாடம் வேற. பாட்டுல இல்லாத ஒரு வார்த்தைய அவங்களா சொல்லணும். அதுதான் பேச்சு.”

அப்படியாக, எந்தப் பாட்டைக் கேட்டால் எனக்குத் தலைவலி வந்ததோ அந்தப் பாட்டை நானே பாட ஆரம்பித்தேன். விடிந்ததும் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. அவர் கையைத் தட்டிக்கொண்டு, “வாலு எங்க போச்சு” என்பேன். “தேஞ்சு தேஞ்சு போச்சு” என்பார். அப்புறம் வேறு வார்த்தைகள். “தண்ணி எங்க இருக்கு?” “செம்புல இருக்கு.” “மாத்திர எங்க இருக்கு?” “டப்பாவுல இருக்கு.” நான் பாடிக் கொடுத்ததை அப்படியே திருப்பிப் பாடுவார். செம்பைக் கையில் எடுத்துக் காட்டி, மெட்டில்லாமல், இது என்ன என்று கேட்டால் தலையை ஆட்டுவார்.

மைனிக்கு இது பிடிக்கவில்லை. “வேற பாட்டே கெடைக்கலியா? பக்கத்து வீட்டுக்காரங்க என்ன நெனைப்பாங்க?” என்று தினமும் ஒரு பாட்டம். நற்கருணை கொடுக்க ஐயர் வீட்டுக்கு வருகிற அன்றைக்கு மட்டுமாவது அதைப் பாடவிடாதே என்று என்னைக் கெஞ்சினாள். போதகரை எங்கள் பக்கம் ஐயர் என்போம். எங்கள் சபைக்குப் புதிதாக வந்த ஐயர் சின்ன வயதுக்காரர். ஜெபம் முடிந்து எல்லாரும் ஆமென் சொல்ல, அத்தானும் சொல்வார் என்று எதிர்பார்த்து ஐயர் அவர் பக்கம் குனிந்தார். அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, “வாலு எங்க போச்சு” என்றார். மைனி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். ஐயர் அப்படியே தரையில் உட்கார்ந்து, “வாத்தியாரு சொல்லுதாரு தேஞ்சு தேஞ்சு போச்சு” என்று சேர்ந்து பாடினார். சின்னப் பிள்ளையில் அவர் ஊர் வி.பி.எஸ்ஸில் பாடினாராம். எழுதினது இவர்தான் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரியும். எனக்கு அந்த ஐயரை ரொம்பப் பிடித்துப்போனது.

அதனால்தான் அவர் கேட்டபோது மறுக்க முடியவில்லை. வி.பி.எஸ். நிறைவு நாளில் அண்ணாச்சி மேடைக்கு வந்து பிள்ளைகளோடு சேர்ந்து பாட வேண்டும் என்றார். “டீச்சர், அது எத்தன பேருக்குச் சாட்சியா இருக்கும்.” நான் அத்தானிடம் கேட்டேன். தலையை ஆட்டினார். அவர் எதற்குத்தான் ஆட்டவில்லை.

வெள்ளை வேட்டி சட்டை போட்டுக் கூட்டிக்கொண்டு போனோம். நாற்காலியில் உட்காரவைத்து, முன்னால் பிள்ளைகளை நிறுத்தினார்கள். பிள்ளைகள் கேட்க, அவர் பதில் பாடினார். ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. வார்த்த தந்து அனுப்புனாரு என்று அவர் முடித்தபோது கோயில் முழுக்க மூக்கை உறிஞ்சுகிற சத்தம். வார்த்த தந்து அனுப்புனாரு என்று பாடுகிறார், சொந்தமாக ஒரு வார்த்தை இல்லை. கமிட்டிக்காரர் ஒருவர் மைக்கை வாங்கி, உலகத்து ஞானம் கைவிட்ட இடத்தில் கர்த்தர் இந்தப் பாட்டையே மருந்தாக்கினார் என்று சொல்லிவிட்டு என் பக்கம் பார்த்தார். ஆஸ்பத்திரியும் மாத்திரையும் அந்தப் பயிற்சிப் பெண்ணும் என்ன கணக்கில் சேர்த்தி என்று கேட்க எனக்கு வாய் துறுதுறுத்தது. கேட்டிருந்தால் வீடு போய்ச் சேர நேரமாகியிருக்கும். அத்தானின் வேட்டியைச் சரிசெய்துவிட்டு ஆட்டோ கூப்பிடப் போனேன்.

அதன் பிறகு பிடித்தது சனியன். யாரோ செல்போனில் பிடித்து அனுப்பிவிட்டார்கள். தினமும் வீட்டுக்கு ஆள் வந்தது. பழையகாலத்து ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள், பக்கத்துச் சபைக்காரர்கள், தூத்துக்குடியில் இருந்து வந்த யாரோ சொந்தத்துக்குச் சொந்தம். ஆரஞ்சும் ஹார்லிக்சும் கொண்டுவருவார்கள். உட்கார்ந்து இரண்டு நிமிஷத்தில், “அண்ணாச்சி, வாலு பாடுங்க” என்பார்கள். நல்ல மனிதர்கள்தான். ஒருத்தரையும் குறை சொல்ல முடியாது. அவர் பாடினால் அவர் நன்றாக இருக்கிறார் என்று அவர்களுக்கு ஒரு நிம்மதி. நான் கையைத் தட்டுவேன், அவர் பாடுவார், அவர்கள் கைதட்டுவார்கள். மைனிகூட மாறிவிட்டாள். வருகிறவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்து, “பாடு தம்பி, ஒரு தரம் பாடு” என்று அவளே சொல்ல ஆரம்பித்தாள்.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து ஒரு குடும்பம் பிள்ளைகளோடு வந்தது. அதில் ஒரு குட்டிப் பெண், “தாத்தா, வாலத் தேடிக் காட்டுங்க” என்றாள். பாட்டில் அந்த இடத்தில் முதுகுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய்த் தடவிப் பார்க்க வேண்டும். அவருடைய வலது கை போகாது. எல்லாரும் காத்திருந்தார்கள். நான் அவருடைய இடது கையைப் பிடித்து இடுப்புக்குப் பின்னால் வைத்தேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் கை என் கைக்குள் விறைப்பாக இருந்தது. ஜங்ஷனில் குரங்காட்டி குச்சியைத் தட்டுவானே, அதைத்தான் நான் செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்குச் சுருக்கென்றது. அவர்கள் போன பிறகு அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

பயிற்சிப் பெண் சொன்ன மாதங்கள் தீர்ந்துகொண்டே வந்தன. பள்ளிக்கூடம் திறந்தாகிவிட்டது. காலையில் அவரைக் குளிப்பாட்டி, பாடி, சமைத்து, ஓடி, ஐந்து வகுப்பு நின்று பேசி, திரும்பி வந்து, மறுபடியும் பாடினேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. மகள் பெங்களூரில் இருந்து போன் பண்ணி, “அப்பாவுக்கு எப்படிம்மா இருக்கு?” என்பாள். “பாடுதாங்க” என்பேன். “சூப்பர்மா” என்பாள். அவளுக்கு வேறு என்ன தெரியும், நான் சொன்னால்தானே.

அன்றைக்கு ஒரு புதன்கிழமை. பள்ளிக்கூடத்தில் இருந்து வந்து செருப்பைக் கழற்றினேன், சேலைகூட மாற்றவில்லை. மைனி மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். அத்தான் ஜன்னல் ஓரமாக நாற்காலியில் இருந்தார். இப்போதே முடித்துவிட்டால் கொஞ்ச நேரம் படுக்கலாம் என்று எதிரே உட்கார்ந்து அவர் கையைத் தட்டினேன்.

“வாலு எங்க போச்சு?”

அவர் பாடவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அத்தான், இங்க பாருங்க. வாலு எங்க போச்சு?”

பாடவில்லை. மூன்றாம் தடவையும் பாடினேன். கையை இழுத்துக்கொண்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

“என்ன அத்தான், எனக்கு மட்டும் இதுக்கு ஆசையா? நாள் பூரா தொண்ட கிழியக் கத்திட்டு வந்து உங்ககிட்டயும் கத்துதேன். ஊர்ல உள்ளவங்க வந்தா பாடுதீங்க. நான் பாடினா மட்டும் மூஞ்சியத் திருப்புதீங்க. மாசம் போய்க்கிட்டே இருக்கு. இப்ப வரலேன்னா அப்புறம் வராது. தெரியுதா உங்களுக்கு? என்னால முடியல. பாடித் தொலைங்களேன்.”

சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். அவருக்காகவும் அழவில்லை, எதற்காகவும் அழவில்லை, சும்மா அலுப்பில் அழுதேன். ஒரு நாள் முழுக்கத் தூங்கக் கிடைத்தால் போதும் என்றிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவருடைய இடது கை என் முழங்காலில் வந்து விழுந்தது. நான் நிமிர்ந்தேன். அவர் வாய் எதையோ பிடிக்கப் பார்த்தது. உதடு கூடி, பிரிந்து, மறுபடி கூடியது. கழுத்து நரம்பு புடைத்தது. எனக்கு உதவி செய்யத் தோன்றவில்லை.

“பா… பாடாத,” என்றார்.

மெட்டு இல்லை. தாளம் இல்லை. சாதாரணமாக, ஒரு மனிதர் இன்னொரு மனிதரிடம் சொல்கிறமாதிரி சொன்னார். அவருக்கு வேர்த்துக் கொட்டியது. இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அதையும் தேடி எடுத்தார்.

“பேசு.”

எத்தனையோ மாதமாக இந்த மனிதரிடம் தண்ணீர், மாத்திரை, வால் தவிர வேறு எதையும் நான் சொல்லியிருக்கவில்லை. மைனியிடம் பேசினேன், ஐயரிடம் பேசினேன், பயிற்சிப் பெண்ணிடம் பேசினேன், எல்லாம் அவரைப் பற்றி. பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

“முட்டி வலிக்குது அத்தான்,” என்றேன். வேறு ஒன்றும் வாயில் வரவில்லை. “பள்ளிக்கூடத்துல மேல் மாடிக்கு வகுப்ப மாத்திட்டாங்க. படி ஏற முடியல. ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட சொன்னா, எல்லாருக்கும்தான் வலிக்குதுங்காங்க.”

அவர் தலையை ஆட்டவில்லை. என் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் நிறுத்தினதும் உதடு மறுபடியும் கூடியது. இந்தத் தடவை அவ்வளவு நேரம் ஆகவில்லை.

“அப்புறம்?” என்றார்.